தாய் வெறும் பாதைதானா?

ஒரு நோயை ஒழித்துவிட்டோம் என்று ஒரு நாடு பறைசாற்றும்போது, அந்தப் பெருமிதத்துக்குள் யாருடைய வாழ்வு அடங்கியிருக்கிறது, யாருடைய வாழ்வு வெளியே விடப்பட்டிருக்கிறது என்று கேட்பது சிந்திப்போர் கடமை. எச்.ஐ.வி. கிருமியும் சிபிலிசு என்னும் மேகநோயும் தாயிடமிருந்து சேயைத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. இச்சான்றைப் பெற்ற முதல் நாடு கியூபா, ஆண்டு 2015. நமது அயலிலுள்ள மாலைதீவு 2019இலேயே நமக்குச் சில மாதங்கள் முந்திக்கொண்டது. பின்னர் 2025இல் ஈரலழற்சி 'பி' வகையையும் சேர்த்து, மூன்று நோய்களும் தாய்வழித் தொற்றுவதைத் தடுத்த முதல் நாடு என்ற சிறப்பையும் அது எய்தியது. சின்னஞ்சிறு தீவுகள் பெருநாடுகளுக்கு வழிகாட்டின என்பது மகிழத்தக்க செய்தியே. மகிழ்ந்த பின்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் காப்பாற்றியது சேயை மட்டுமா, தாயையும் சேர்த்தா?

தாயைக் காப்பாற்றாமல் சேயை எவ்வாறு காப்பாற்றுவது என்று வாசகர் வியக்கலாம். இந்நோயின் வரலாற்றில் அது சாத்தியமாயிற்று. சாத்தியமானது மட்டுமன்றிப் பல ஆண்டுகள் நல்ல திட்டம் என்ற பெயரோடு நடந்தும் வந்தது. அதனாலேயே இக்கேள்வியை எழுப்ப நேர்கிறது.

முதலில் விடயத்தைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். கிருமி தாயின் உடலிலிருந்து மூன்று வேளைகளில் குழந்தையை அடையக்கூடும்: கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, பாலூட்டும்போது. சிகிச்சை ஏதும் இல்லாவிடின் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகும். தாய் உரிய காலத்தில் சோதிக்கப்பட்டு, தினமும் குளிசை உட்கொண்டு, அவளது குருதியில் கிருமியின் அளவு அடக்கப்பட்டால் இந்தத் தொகை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்கும் கீழே இறங்கிவிடும். விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை விடை கிடைத்துவிட்டது. எஞ்சியிருப்பது சமுதாயத்தின் பங்கு.

இலங்கையில் அந்தப் பங்கைச் சுமந்தவள் மருத்துவமாது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்து வந்த சேவை அவளுடையது. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வாக்குரிமை கிடைத்தபின், ஓர் ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும், பிரசவ விடுதி வேண்டும் என்ற கோரிக்கையை எந்த அரசியல்வாதியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாமற் போயிற்று. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் ஏழைகளைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றபோது, பொதுச் சுகாதாரம் என்பது தருமம் அன்று, உரிமை என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றிற்று. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் எடை பார்த்து, திரிபோஷாப் பொதியைக் கையில் கொடுத்து, மேகநோய்க்காகக் குருதி எடுக்கும் வழக்கம் எச்.ஐ.வி. இந்நாட்டுக்கு வருமுன்னரே இருந்தது. புதிய சோதனைக்கு வேண்டியது இன்னும் சில துளி குருதி மட்டுமே. மலையகத் தோட்டங்கள் நெடுங்காலம் இந்த வலைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. தோட்டத் துரையின் தயவில் விடப்பட்ட தாய்மார் தேசிய சேவையின் நிழலுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

'ஒழிப்பு' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூற்றுக்கு நூறு இல்லாமற் செய்வது என்பது அதன் பொருள் அன்று. தாய்ப்பாலூட்டும் சமுதாயங்களில் தொற்று நூற்றுக்கு 5க்குக் குறைவாகவும், ஏனையவற்றில் 2க்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளில் புதிய தொற்றுகள் 50ஐத் தாண்டலாகாது. கர்ப்பிணிகளுள் மிகப் பெரும்பான்மையோர் சோதிக்கப்படவும் சிகிச்சை பெறவும் வேண்டும். இலங்கையில் 2017க்குப் பின் இவ்வகைத் தொற்று எதுவும் பதிவாகவில்லை என்ற நிலையிலேயே சான்று கிடைத்தது. இந்த எண்களோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பத்திரிகைகள் அதனை அதிகம் எழுதவில்லை. இவற்றையெல்லாம் மனித உரிமைக்கு ஊறின்றிச் சாதித்திருத்தல் வேண்டும் என்பதே அது. பெண்ணைப் பலவந்தமாகச் சோதித்துப் பெற்ற பூச்சியத்துக்குச் சான்று கிடையாது. எண்களைச் சரிபார்ப்பது எளிது. இந்த நிபந்தனையை எந்தத் தராசில் நிறுப்பது?

நிற்க, தாயை விட்டுச் சேயைக் காத்த கதைக்கு வருவோம். 1994ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியாயிற்று. சிடோவுடின் என்னும் மருந்தைக் கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் கொடுத்தபோது தொற்று நூற்றுக்கு 25.5 இலிருந்து 8.3 ஆக வீழ்ந்தது. மனித குலத்துக்கு அது மகத்தான செய்தி. ஆயின் அந்த மருந்துமுறை ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மலிவான, குறுகிய முறை ஒன்றைக் காண ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆய்வுகள் தொடங்கின. அவற்றிற் பலவற்றில் ஒரு பகுதிப் பெண்களுக்கு மருந்தென்ற பெயரில் வெறும் மாக்குளிசையே வழங்கப்பட்டது. மருந்து பயன்தரும் என்பது அறியப்பட்ட பின்னரும் இவ்வாறு செய்வது தகுமா என்று 1997இல் அமெரிக்க வைத்தியர் சிலர் கேட்க, பெரும் விவாதம் மூண்டது. ஆய்வாளர் கூறிய சமாதானம் இது: அந்நாடுகளில் அப்பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை ஒன்றுமில்லை, ஆகவே ஒன்றுமில்லாததோடு புதிய முறையை ஒப்பிடுவதில் அநீதி இல்லை.

இந்தத் தருக்கத்தை வாசகர் நிதானமாக நோக்கவேண்டும். வறுமை என்பது மனிதர் செய்த ஓர் அநீதி. அந்த அநீதியே இங்கு அளவுகோலாக மாற்றப்பட்டது. உன் நாட்டில் உனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, ஆதலால் நானும் உனக்கு ஒன்றும் தராதிருக்கலாம் என்று கூறுபவன் பொய் கூறவில்லை. இருந்ததைத் தானே கூறுகிறான்? எனினும் அவன் அறம் கூறவில்லை. குறுகிய முறை தொற்றைப் பாதியாகக் குறைக்கும் என்பதை 1998இல் தாய்லாந்து ஆய்வு காட்டிற்று. அந்த அறிவால் பின்னர் எண்ணற்ற குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர் என்பதும் உண்மையே. பயன் விளைந்ததால் வழி தூய்மையாகிவிடும் என்று நான் கருதவில்லை. வழி மாசுற்றதால் பயனை மறுத்துவிடவும் மாட்டேன். இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பது சிரமமான காரியந்தான்.

1999இல் உகண்டாவிலிருந்து இன்னும் எளிய வழி ஒன்று வந்தது. பிரசவ வேதனை தொடங்கும்போது தாய்க்கு நெவிரப்பின் குளிசை ஒன்று, பிறந்த குழந்தைக்கு அம்மருந்தில் ஒரு வேளை. தொற்று ஏறத்தாழப் பாதியாயிற்று. அந்த ஒற்றைக் குளிசையைக்கூட எல்லாத் தாய்மாருக்கும் வழங்கத் தென்னாபிரிக்க அரசு தயங்கியது. மக்கள் இயக்கம் வழக்குத் தொடுத்தது. 2002ஆம் ஆண்டு யூலையில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்திய பின்னரே வழி திறந்தது. அந்தப் போராட்டம் போற்றுதற்குரியது. ஆனால் அந்தக் குளிசையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரே வேளை கொடுக்கப்பட்ட மருந்து தாயின் உடலிலுள்ள கிருமிக்கு அம்மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பல வேளைகளில் அளித்துவிட்டது. பின்னொரு நாள் அவளுக்கென்று சிகிச்சை வந்து சேரும்போது அந்த வகை மருந்து அவளுக்குப் பயன்படாமற் போகலாம். அன்றோ, அவளுக்கென்று சிகிச்சை எதுவும் பெரும்பாலான இடங்களில் இருக்கவுமில்லை. குழந்தை கிருமியின்றிப் பிறந்தது. சில ஆண்டுகளில் அது தாயில்லாப் பிள்ளையாயிற்று. கணக்கேட்டில் அது வெற்றியாகவே பதியப்பட்டது.

தாய் அங்கே மனிதப் பிறவியாகக் கருதப்படவில்லை. கிருமி நடந்துவரும் பாதையாகவே கருதப்பட்டாள். பாதையை அடைத்தால் போதும், பாதைக்கு என்ன நேர்ந்தாலென்ன? 'தாயிடமிருந்து சேய்க்கு' என்ற சொற்றொடரே இதற்கு உடந்தை. தாய்க்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அது கேட்பதில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் காட்டிவிட்டு, முன்னைய கண்ணியை இருளில் விட்டுவிடுகிறது.

இந்த மனப்பான்மையை முதலில் உடைத்தது செல்வந்த நாடொன்று அன்று. ஆபிரிக்காவின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாகிய மலாவி 2011இல் ஒரு முடிவுக்கு வந்தது: கிருமி காணப்பட்ட ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், அவளது நோய் எந்தக் கட்டத்தில் இருந்தாலும், ஆயுள் முழுவதும் சிகிச்சை. குழந்தைக்காகத் தொடங்கிய மருந்து குழந்தை பால் மறந்தபின் நிறுத்தப்படமாட்டாது. ஈராண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் அவ்வழியை ஏற்றது. 2015இல் கிருமியுள்ள எல்லா மனிதருக்கும் சிகிச்சை என்று விரிந்தது. நமது நாட்டுக்குச் சான்று கிடைத்தது இந்த மாற்றத்துக்குப் பின்னரே. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள்.

இனி, சம்மதம் என்ற சிக்கலுக்கு வருகிறேன். இதில்தான் நல்லவர்கள் தம்முள் முரண்படுகின்றனர். கருவிலுள்ள குழந்தைக்கு வாய் இல்லை. ஆகவே தாய் சம்மதித்தாலும் சம்மதியாவிட்டாலும் சோதிக்கவேண்டும் என்பார் உளர். அவர்களைக் கொடியவர் என்று கூற இயலாது. குழந்தையின் பேரில் பேசுகிறார்கள்.

ஒரே ஊசி இரு வேறு நோக்கங்களுக்காகக் குத்தக்கூடும் என்பதை இலங்கைப் பெண்கள் நன்கறிவர். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்பவளின் குருதியும் சோதிக்கப்படுகிறது. கிருமி இருந்தால் அவள் விமானம் ஏறமுடியாது. அங்கு சென்றபின் கண்டுபிடிக்கப்பட்டால் திருப்பியனுப்பப்படுகிறாள். அவளுக்குச் சிகிச்சை அளிப்பது அச்சோதனையின் நோக்கமன்று. அவளை வெளியே தள்ளுவதே நோக்கம். அதே பெண் ஊர் திரும்பி, கருவுற்று, கிளினிக்கில் கையை நீட்டும்போது, இந்த ஊசி உன்னை உள்ளே அழைப்பதற்காக என்று அவளுக்கு யார் சொல்வது? சொன்னாலும் அவள் ஏன் நம்பவேண்டும்? நம்பிக்கையை ஊட்டவேண்டிய பொறுப்பு ஊசியைப் பிடித்திருப்பவருடையது. நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை வேளையில் "எல்லாருக்கும் எடுக்கிறதுதான், கையை நீட்டுங்கோ" என்று கூறுவதும் ஒருவகைச் சம்மதம் கேட்டல்தான். அதில் கேள்வி இருக்கிறதா என்பதே ஐயம்.

கியூபாவின் அனுபவம் இவ்விடத்தில் நமக்கு நிரம்பப் பயன்படும். முற்போக்காளர் பலர் அந்நாட்டைக் குறை கூறத் தயங்குவர். நான் தயங்கவேண்டிய அவசியத்தைக் காணவில்லை. 1986இலிருந்து கிருமியுள்ளோரைக் கண்டறிந்து ஆரோக்கிய நிலையங்களில் கட்டாயமாகத் தங்கவைத்தது கியூபா. அங்கே நல்ல உணவு, வைத்தியம், வழக்கமான சம்பளம் எல்லாம் கிடைத்தன. துணையின்றி வெளியே செல்லும் உரிமை கிடைக்கவில்லை. 1993இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அமெரிக்கத் தடையின் நெருக்கடிக்குள்ளும் 2001முதல் தானே மருந்தை உற்பத்தி செய்து எல்லாருக்கும் இலவசமாக வழங்கிற்று. குடும்ப வைத்தியரும் தாய்மார் சேவையும் ஊர்தோறும் இருந்தன. 2013இல் கியூபா முழுவதிலும் கிருமியோடு பிறந்த குழந்தைகள் இருவரே. பூட்டிய கதவுகளின் பயன் அது என்று வாதிப்பாரும் உளர். கதவுகள் திறந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னர், திறந்த கிளினிக்குகளில் தாமாக வந்த தாய்மாரிடையே கிடைத்த பயன் அது என்பதையே காலக்கணக்கு காட்டுகிறது.

எனினும், பயனை வைத்து மட்டும் வாதத்தை முடித்துவிடுவது நேர்மையாகாது. எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் ஒரு தாய் மறுத்துவிட்டால் என்ன செய்வது? மறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே அச்சத்தின் மறுபெயர். கணவனுக்குத் தெரிந்துவிடும், மாமியாருக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். அதை அகற்றினால் மறுப்பும் அகலும். எல்லாம் அகன்ற பின்னும் ஒருத்தி மறுத்தால்? குழந்தை பிறக்கும்வரை மருந்து அவளுடைய உடலினூடாகவே செல்லவேண்டும். அவளைக் கட்டிவைத்து விழுங்கச்செய்ய எனக்குச் சம்மதமில்லை. அதன் விலை ஒரு குழந்தையின் நோயாக இருக்கக்கூடும் என்பதை அறிந்தே இதனைக் கூறுகிறேன். பிறந்தபின் நிலைமை வேறு. அப்பொழுது குழந்தை தனி உடல், தனி உயிர். தொற்றுக்கு இலக்காகக்கூடிய சிசுவுக்கு முதல் வாரங்களில் மருந்து கொடுக்கும் கடமை வைத்தியருக்கு உண்டு. அங்கே தாயின் மறுப்புக்கு அதே வலு இல்லை. தொப்புள்கொடி அறுபடும் கணத்தில் அறத்தின் எல்லையும் மாறுகிறது என்பது என் துணிபு. இதை மறுப்போர் எழுதலாம்.

கணவனைப் பற்றி இன்னும் ஒன்றும் கூறவில்லை. நமது கிளினிக்குகளும் பெரும்பாலும் கூறுவதில்லை. பெண் கர்ப்பமுற்றதால் சோதிக்கப்படுகிறாள். ஆண் கர்ப்பமுறுவதில்லை, ஆகவே சோதிக்கப்படுவதுமில்லை. வீட்டில் உண்மையை முதலில் அறிபவள் அவளே. முதலில் அறிந்தவளே முதலில் கொண்டுவந்தவள் என்று முடிவு கட்டுவது நம்மவர் வழக்கம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கணவனிடமிருந்து பெற்ற தொற்றுக்காக அவனுடைய வீட்டாரால் விரட்டப்படும் மனைவியின் நிலை, அவளைச் சோதித்த நமது நல்ல சேவையின் எதிர்பாராத விளைவு. சோதனை அவளுக்கு நன்மை செய்யாதென்று இதனால் வாதிக்கவில்லை. பெண்ணைச் சோதிக்கும் நாளிலேயே ஆணையும் அழைக்காத சேவை பாதி வேலையையே செய்கிறது என்கிறேன். அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டில் புதிய தொற்றுகள் இளம் ஆண்களிடையே அதிகரித்துவரும்போது, கர்ப்பிணிகளின் கிளினிக்கை மட்டும் காவல் காப்பது போதாது என்பது பாமரருக்கும் புலப்படும்.

பாலின் விடயமும் இத்தகையதே. பால்மா கொடுத்தால் தாய்ப்பால் வழித் தொற்று இல்லை. ஆனால் சுத்தமான நீர் இல்லாத இடத்தில் பால்மாவே யமனாகும். 2006இல் பொட்சுவானாவில் வெள்ளத்தின்பின் வயிற்றோட்டம் பரவியபோது, இத்திட்டத்தின்கீழ்ப் பால்மாவில் வளர்ந்த குழந்தைகள் பலர் மாண்டனர். நமது நாட்டில் நீரைக் காட்டிலும் நாவே அபாயம். ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் தாய்ப்பாலூட்டும் ஊரில், ஒருத்தியின் அடுக்களையில் பால்மாப் பேணியும் போத்தலும் இருந்தால் அயலவள் கேட்கும் முதற் கேள்வி என்ன? "ஏன் பிள்ளை, பால் இல்லையோ?" அன்போடு கேட்கப்படும் அக்கேள்விக்கு அவள் வாழ்நாள் முழுவதற்குமான பொய்யொன்றைத் தயாரித்துக்கொள்ளவேண்டும். எந்த வழியில் ஊட்டுவது என்பதை அவளோடு அமர்ந்து தீர்மானிக்க வைத்தியருக்கு அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரமே நமது ஆஸ்பத்திரிகளில் அருமையான பொருள்.

குழந்தை கிருமியின்றிப் பிறந்தால் மட்டும் ஊரின் வாயிலிருந்து தப்பிவிடுமா? 2016இல் வடமேல் மாகாணத்தில் நடந்ததை நாடறியும். தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியை நம்பி, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலைகள் ஏற்க மறுத்தன. ஒன்றில் சேர்க்கப்பட்டபோது ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றனர். அவனிடம் கிருமி இல்லை; இருந்திருந்தாலும் பக்கத்து வாங்கில் அமர்ந்தவனுக்கு அது தொற்றப்போவதில்லை. கிருமியுள்ள பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டென்பதை அரசு உறுதிப்படுத்த வேண்டுமென்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் கூறவேண்டியிருந்தது. குருதிவழித் தொற்றை நாம் தடுத்தோம். பழிவழித் தொற்றைத் தடுக்கும் மருத்துவமாது இன்னும் நியமிக்கப்படவில்லை.

சிக்கன வாதிகளின் கேள்வி ஒன்றும் உண்டு. 2019இல் இந்நாட்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அத்தனை தாய்மாரையும் சோதித்து நாம் ஆண்டுதோறும் கண்டறிவது மிகச் சிலரையே. இந்தச் செலவு தகுமா? 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டதை அனுபவித்தோர்க்கு இது வெறும் வாய்வாதம் அன்று. 2025இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் கிளினிக்குகள் தடுமாறின. பிறர் தயவில் தொங்கும் சேவையின் உறுதி எத்தகையது என்பது வெளிப்பட்டது. என் விடை இதுதான்: எல்லாரையும் சோதிப்பதனாலேயே அந்தச் சிலர் தனியே பிரித்துக் காட்டப்படாமல் இருக்கின்றனர். 'சந்தேகத்துக்குரிய' பெண்களை மட்டும் சோதித்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். யார் சந்தேகத்துக்குரியவள்? வெளிநாடு போய்வந்தவளா, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவளா, தனித்து வாழ்பவளா? அந்தப் பட்டியலை யாராவது எழுதத் தொடங்கும் கணத்திலேயே ஏழைப் பெண்கள் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிடுவர். மூன்று இலட்சம் பேரும் ஒரே வரிசையில் நிற்பது வீண்செலவு அன்று. அது அந்தச் சிலருக்கு ஏனையோர் பிடிக்கும் குடை.

சான்றிதழும் நிரந்தரச் சொத்து அன்று; தகைமை தொடர்கிறதா என்று மீண்டும் மீண்டும் பரிசீலிக்கப்படும். அவ்வாறு பரிசீலிக்க வருவோரிடம் நாம் காட்டும் பதிவேடுகளில் குழந்தைகளின் கதை தெளிவாக இருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் சிசுவின் குருதியில் சில காலம் தங்குவதால், ஏறத்தாழப் பதினெட்டாம் மாதத்தில் இறுதிச் சோதனை நடத்தி, கிருமி இல்லை என்று எழுதிக் கோப்பை மூடுவர். தாயின் கோப்பு அப்போது எங்கே இருக்கிறது? பிரசவ விடுதியிலிருந்து அவள் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றப்பட்டிருப்பாள். தெரிந்தவர் எவரும் காணக்கூடாதே என்ற எண்ணத்தோடு, வேறு மாவட்டத்துக்குப் பஸ் ஏறி, ஒரு நாட் கூலியை இழந்து, குளிசை வாங்கச் செல்பவளாகவும் இருக்கலாம். அவள் எத்தனை மாதம் தவறாமல் வந்தாள், வராதபோது யார் தேடிச் சென்றார், அவளுடைய கணவன் சோதிக்கப்பட்டானா, அவள் வேலை பறிபோயிற்றா என்ற விவரங்களையும் அதே மேசையில் அதே கவனத்தோடு வைக்கும்படி நமது சுகாதார அமைச்சைக் கேட்கவேண்டும்.